ஆறு கிழமைக் கறள்

என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே பாடுபட்டுச் செய்த வேலை ஒன்றுதான்: புத்தம்புது மரப்பெட்டி ஒன்றுக்கு முப்பது வருஷக் கறள் பிடிக்க வைத்தது. அதற்கு ஆறு கிழமை போனது. இரும்புக்குக் கறள் யாரும் கேட்காமலே வரும். மரத்துக்கு வரவைக்க வேண்டுமென்றால் மனுஷனுக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடிக்க வேண்டும். எனக்கு அது இருபத்து மூன்றாவது வயதில் பிடித்தது.

சூறாவளி அடித்துப் போன மறுவருஷம் அது. கல்முனைக்காரனாகிய நான் நிந்தவூரில் கலியாணம் முடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, கட்டில் அவளுடையது, கிணறும் அவளுடையது. அவனுக்கென்று இருப்பது அந்தப் பெட்டியும் அவனுடைய வாயும்தான். நானோ வாயையும் பூட்டி வைத்திருந்தேன். ஏனென்றால் புது மருமகனும் மாமனாரும் நேருக்கு நேர் கதைப்பது அந்த வீட்டு வழக்கத்தில் இல்லை. மாமா விறாந்தைக்கு வந்தால் நான் கதிரையை விட்டு எழும்புவேன். நான் எழும்பியதைக் கண்டு அவர் சங்கடப்பட்டு வளவுக்குள் இறங்கிவிடுவார். நாலு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் உட்காரவிடாமல் மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

கதைக்க வேண்டியதெல்லாம் என் மனைவி வழியாகத்தான் போய்வந்தது. அவள் நல்ல கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போடுகிற தபால்காரி. நான் "கறியில் உப்பில்லை" என்றால் அது அடுப்படிக்கு "கறி நல்லமாம்" என்று போய்ச் சேரும். அந்த வீட்டில் ஒருநாளும் சண்டை வராததற்கு அவள்தான் காரணம். இனிச் சொல்லப்போகிற கூத்துக்கும் அவள்தான் பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கடைசி வருஷம். முடிந்ததும் ஆசிரியர் நியமனம் வரும். எங்களுக்கு முந்திய அணியில் பாதிப் பேரைக் கஷ்டப் பிரதேசம் என்று யானை நடமாடும் இடங்களுக்கு மூன்று வருஷச் சேவைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய பிள்ளையே அவரைக் கண்டு அலறியதாகக் கதை அடிபட்டது. எனக்கு அப்படி நடக்கக்கூடாது. மனைவியை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு கொள்கை எதுவும் இருக்கவில்லை.

இதை எப்படியோ மோப்பம் பிடித்த கல்லூரி அதிபர் ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையை நீட்டினார்.

"மாவட்டக் கண்காட்சி வருது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு மாதிரி செய்து வெக்கோணுமாம். நீதான் சித்திரத்திலயும் கெட்டிக்காரன், இங்கிலீசும் தெரிஞ்ச ஆள். முதலாமிடம் எடுத்துத் தா. ஒன்ன நிந்தவூரிலயே போடச் சொல்லி நான் கடிதம் எழுதித் தாறன்."

சுற்றறிக்கை சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது. தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படுமென்று அடியில் இருந்தது. அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. என் இங்கிலீசு எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாசிகசாலையில் கிழிந்து கிடந்த வெள்ளைக்காரச் சஞ்சிகைகளைப் படத்துக்காகப் புரட்டிப் புரட்டி வந்த இங்கிலீசு அது. அவற்றில் பாதிக்கு மேல் உலக யுத்தப் படங்கள். ஆகவே, மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு 'டாங்க்' இன்றைக்கு இருக்கிற நிலையில் அதன் அளவுமாதிரி ஒன்று வேண்டும் என்ற வசனத்தைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. யுத்தத் தாங்கி. சங்கிலிச் சில்லு, மேலே ஒரு பீரங்கி. கைவிடப்பட்டது என்றால் கறள் பிடித்தது.

எந்த யுத்தத்தில் யார் கைவிட்டது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன். வெள்ளைக்காரன் போகும்போது எதையாவது காட்டுக்குள் விட்டுத்தான் போயிருப்பான் என்று எனக்கு நானே மறுமொழி சொல்லிக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் இங்கிலீசு தெரிந்த ஆள் என்ற பட்டம் போய்விடுமே!

தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு வெட்டினேன். சோடா மூடிகள் சக்கரச் சில்லுகளாகின. சைக்கிள் டியூப்பைக் கீறிச் சங்கிலி செய்தேன். பீரங்கிக்குத்தான் தோதான குழாய் கிடைக்கவில்லை. மாமாவின் குடையொன்று சூறாவளியில் செத்துப்போய் மூலையில் கிடந்தது. மனைவி அதன் காம்பைக் கழற்றித் தந்தாள். எல்லாவற்றையும் விளாம்பிசினால் ஒட்டி, பலகை மூட்டுகளில் சின்ன ஆணியும் அடித்து முடித்தபோது அது ஒரு முழ நீளத்தில் நல்ல கம்பீரமாகத்தான் இருந்தது. பிறகு கறள் நிறம் என்று நான் நினைத்திருந்த செங்கல் நிறத்தை மேலிருந்து கீழ்வரை பூசினேன்.

மனைவி வந்து பார்த்தாள். "மாஷா அல்லாஹ்," என்றாள். குனிந்து விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது சட்டியா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அது கறளில்லை, மண்சட்டி. இவ்வளவு காலமும் கடற்காற்றுக்குள் வாழ்ந்து, தொட்ட ஆணியெல்லாம் கறளாகி உதிர்வதைப் பார்த்துப் பழகியவன் கறளை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அடுத்த நாளே கறள் பார்க்கப் புறப்பட்டேன்.

மாமா வட்டை விதானை. அதாவது வயல்வெளிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, யாருக்கு முதலில் யாருக்குப் பிறகு என்று முறை வைத்து, எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். அவருடைய வட்டைக்குத் தண்ணீர் வருகிற குளத்தின் அணைக்கட்டில் ஒரு மண்தள்ளும் மிசின் கிடந்தது. கட்டு வேலைக்கென்று கொண்டுவந்தவர்கள் பழுதானதும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் சங்கிலிச் சில்லுதான். நான் சைக்கிளில் போய் அதற்கு முன்னால் குந்தினேன். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கொப்பியில் கறளை வரைந்தேன். முழுதாக எட்டு நாள் அப்படிக் குந்தியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் குளம் தன் பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. அந்த எட்டு நாளில் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

கறளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் அது தொடங்கும். ஆணித் தலைக்குக் கீழே, ஒட்டின மூட்டுகளில், மடிப்புகளில். அங்கிருந்து கீழ்நோக்கித்தான் வடியும், ஒருநாளும் பக்கவாட்டில் போகாது. பழைய கறள் கறுப்புக் கலந்த கத்தரிக்காய் நிறம். புதியது தோடம்பழச் செம்மஞ்சள் நிறம். பூச்சு முதலில் கொப்பளித்து, பிறகு வெடித்து, ஓரம் சுருண்டு உதிரும். மிசினின் ஒரு பக்கத்தில் ஆடுகள் முதுகு உரசி உரசி, அந்த இடம் மட்டும் கண்ணாடியாய் மின்னியது. ஆடு உரசின இடத்தையும் குறித்துக்கொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு கவனமாக ஒன்றையும் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டியைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முதலில் கறுப்பும் காவியும் கலந்த பூச்சு. அது காய்ந்ததும் தண்ணீர் தடவி, மேலே கல்லுப்பைத் தூவினேன். உப்பு ஒட்டிக் காய்ந்த பிறகு அதற்கு மேலே பச்சைப் பெயின்ட். பெயின்ட் காய்ந்ததும் ஈரத்துணியால் தேய்த்தால் உப்புக்கல் கழன்று விழும். கல் இருந்த இடமெல்லாம் பச்சை உதிர்ந்து அடியில் கறள் தெரியும். அந்த ஓரங்களைப் பார்த்தபோது நான் விறாந்தையில் தனியாக நின்று சிரித்தேன். அவ்வளவு அசலாக இருந்தது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மாமி உப்புச் சட்டியைக் கைதவறிக் கவிழ்த்த அன்று, ஈரப் பலகையில் உப்பு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை அது.

அதற்குப் பிறகு தும்பு நுனியால் தோடம்பழ நிறத்தை ஒற்றினேன். சூறாவளி பிய்த்தெறிந்த கூரைத் தகரங்கள் ஊரெல்லாம் கிடந்தன. அவற்றில் அசல் கறளைச் சுரண்டி, சீலையில் சலித்து, பிசினில் குழைத்து மடிப்புகளுக்குள் அப்பினேன். தேயிலைச் சாயத்தை ஆணித் தலைகளில் சொட்டி வடியவிட்டேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தேன். சில இடங்களில் ஏழு தடவை.

மாமி கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "புள்ள, ஒன்ட புருசன் உப்பத் திங்கிறாரா? சட்டியில ஒரு கல்லும் இல்ல."

"கல்லூரிப் படிப்பு உம்மா," என்றாள் என் மனைவி.

மாமாவும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வட்டையிலிருந்து வந்து வளவில் கால் கழுவும்போது, தூரத்திலிருந்தே ஒரு பார்வை. மருமகன் குளத்துக் கட்டில் மிசினைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் குந்தியிருக்கிறார் என்று வட்டைக்காரர்கள் அவருக்குச் செய்தி கொடுத்திருந்தார்கள். அவர் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாலாம் கிழமை மனைவி வந்து சொன்னாள்:

"இஞ்ச பாருங்க, வாப்பா சொல்றார், மிசின் அச்சொட்டா இரிக்காம். ஆனா பொகக் கொழல் நிமிந்து நிக்கோணுமாம். நீங்க படுக்க வெச்சிரிக்கீங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒங்கட வாப்பாட்ட சொல்லுங்க, அது புகைக்குழல் இல்ல, பீரங்கி. மிசினுமில்ல, யுத்தத் தாங்கி. வெளங்காத விஷயத்தில தலைபோட வேணாமெண்டும் சொல்லுங்க."

அவள் போனாள். வளவில் இருவரும் கதைப்பது தெரிந்தது. திரும்பி வந்தவளிடம், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல யோசனை, பாக்கிறாராம் எண்டு சொன்னன்."

அதிபரும் இடையில் ஒருநாள் வழியில் மறித்து விசாரித்தார். "எப்பிடி, டாங்க் எந்த அளவில நிக்குது?"

"கறள் அடிக்கிறன் சேர்."

"கறளா? ஓ, துருசுக் கதவுக்கா? நல்லம், நல்லம். அச்சொட்டா இரிக்கட்டும்."

துருசு என்றால் குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிற மதகு. என் காதில் அது 'துருவுக்கா' என்று விழுந்தது. அதிபர்கள் பேசும்போது புத்தகத் தமிழ் வருவது வழக்கந்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஓம் சேர், என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்காட்சி நாள் தாங்கியை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மண்டபத்தில் எங்கள் கல்லூரிக்கு ஒதுக்கிய மேசையில் அதை இறக்கி, "கைவிடப்பட்ட தாங்கி" என்று எழுதிய மட்டையையும் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

இடப்பக்கத்து மேசையில் ஒரு குளம். நீலக் கண்ணாடியில் தண்ணீர், மரத்தூளில் புல், பஞ்சில் கொக்கு. வலப்பக்கத்து மேசையில் ஒரு குளம். அதில் உண்மையான தண்ணீர், மேசையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரில் ஒரு குளம். அதற்கு அப்பால் இன்னொரு குளம். மண்டபம் முழுக்கக் குளங்கள், நடுவில் ஒரு யுத்தத் தாங்கி. பாழடைந்து காட்டுக்குள் கிடக்கிற பழைய குளங்களைத் திருத்தப் போகிறார்களாம். அதற்கான கண்காட்சியாம். எதிர் மேசைக்காரர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது. அம்பாறைக்குப் போகிற வழியில் எத்தனை பெயர்ப்பலகைகளில் அந்த இங்கிலீசு வார்த்தையைப் பார்த்திருக்கிறேன்! சஞ்சிகையில் பார்த்த வார்த்தைதான் எனக்கு வார்த்தை. ரோட்டில் நிற்கிற வார்த்தை கண்ணில் படவில்லை.

அதிபர் வந்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் மேசையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டாங்க் சேர்."

அவர் மண்டபமே திரும்பும்படி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார்: "டாங்க் எண்டா... கொளம்டா... மடையா!"

மடை என்பதும் தண்ணீர் சம்பந்தப்பட்ட சொல்தான் என்பதால் அன்றைக்குத் தலைப்பை விட்டு விலகாதவர் அவர் ஒருவர்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மடையன் என்றது எனக்கு வலிக்கவில்லை. நிந்தவூர் போனதே, அதுதான் வலித்தது. இனி மூன்று வருஷம் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணைப் பாயில் படுத்துக்கொண்டு, மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கப்போகிறேன் என்று நினைத்ததும் கண் கலங்கியது. இருபத்து மூன்று வயதுக் கழுதை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தலையை நிமிர்த்தியபோது மாமா முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வட்டைக்காரர் ஏழெட்டுப் பேர், வெள்ளைச் சட்டை, தொப்பி, வாசனைத் தைலம் எல்லாம் போட்டுக்கொண்டு. விதானைமாருக்கும் அழைப்புப் போயிருந்தது என்பதை அந்த வீட்டுத் தபால்காரி எனக்குச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்க்க என் மானம் போகட்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, பரிசு கொடுக்கிற நீர்ப்பாசன எஞ்சினியரும் மொழிபெயர்க்க ஒரு கிளாக்கரும் என் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

எஞ்சினியர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமா திறந்தார். என்னைப் பார்க்காமல், கிளாக்கரைப் பார்த்து:

"தொரைக்குச் சொல்லுங்க. இது எங்கட கொளத்துக் கட்டில கெடக்கிற மிசின். இவங்கட ஆக்கள் உட்டுட்டுப் போனது. மத்தவங்க கொளத்த செய்து வெச்சிரிக்காங்க. கொளம் ஏன் பாழாப் போச்செண்டு என்ட மருமகன் செய்து வெச்சிரிக்கார். எங்கட துருசுக் கதவும் இப்பிடித்தான் கறள் புடிச்சிக் கெடக்கு. தொறக்கவும் ஏலா, பூட்டவும் ஏலா. எத்தின மனு எழுதின நாங்க! வாசிச்சீங்களா? இப்ப கண்ணால பாருங்க."

கிளாக்கர் சொன்னார். எஞ்சினியர் குனிந்து, ஒரு ஆணித் தலையின் கறளை நகத்தால் சுரண்டி, நகத்தைப் பார்த்தார். "பெயின்டா?" என்று இங்கிலீசில் கேட்டார். அந்த ஆறு கிழமைக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த சம்பளம் அந்த ஒரு வார்த்தைதான். பிறகு அவர் பீரங்கியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"பொகக் கொழல்," என்றார் மாமா, கண் இமைக்காமல்.

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். வட்டைக்காரர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா மட்டும் பார்க்கவில்லை. நான் கையை நீட்டி என் பீரங்கியைப் பிடித்தேன். விளாம்பிசின் 'படக்' என்று விட்டது. ஏழு தடவை கறள் அடித்த குழாயைப் பிடுங்கி, ஆள் இறங்கும் வழியென்று தாங்கியின் முதுகில் நான் துளைத்திருந்த ஓட்டைக்குள் நட்டேன். அது மாமாவின் குடைக்காம்பு நிற்பதைப் போலவே நிமிர்ந்து நின்றது.

"எக்ஸோஸ்ட் பைப், சேர். வழியில சாஞ்சி போச்சி," என்றேன்.

முதலாமிடம் நீலக் கண்ணாடிக் குளத்துக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அதிபர் கடிதம் எதுவும் எழுதித் தரவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. ஆனால் எஞ்சினியர் தன் கொப்பியில் என்னவோ குறித்துக்கொண்டு போனார். அடுத்த போகத்துக்கு முன்னால் ஆட்கள் வந்து துருசுக் கதவை மாற்றினார்கள். மாமா அன்று வட்டைக்காரருக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார் என்று மனைவி சொன்னாள். மாமாவும் நானும் வழக்கம்போல ஒருவரையொருவர் கதிரையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தோம்.

நியமனக் கடிதம் இங்கிலீசில் வந்தது. விறாந்தையில் நின்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பயந்தது நடந்திருந்தது. இரண்டு பஸ் ஏறி, பிறகு நாலு கட்டை தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டிய ஓர் இடம். தங்கித்தான் படிப்பிக்க வேண்டும். அவள் தூணைப் பிடித்து அழுதபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாடசாலையின் பெயர் இருந்த வரிக்கு வந்தேன். ஊர்ப் பெயரின் கடைசியில் அந்த வார்த்தை இருந்தது. அதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

"மறுகா?" என்றாள் மனைவி. "அதுக்குப் பொறகு என்ன எழுதியிரிக்கு?"

"டாங்க்," என்றேன் வாய்க்குள்ளே.

மாமா வளவில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இங்கிலீசு எழுத்துக்கூட்டத் தெரியாத மனுஷன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார்:

"டாங்க் எண்டா... கொளம்... மருமகன்."

மண்டபத்தில் அதிபர் இழுத்த அதே இழுவை. மடையா இருந்த இடத்தில் மருமகன் இருந்தது, அவ்வளவுதான். அதிபர் என்னை ஏசியபோது மாமா கேட்கிற தூரத்தில்தான் நின்றிருந்தார் என்பதும், அதற்குப் பிறகும் அது பொகக் கொழல்தான் என்று ஊரார் முன்னால் அவர் ஏன் சொன்னார் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. என் மனைவி தூணுக்குப் பின்னால் போய், அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஓம் மாமா," என்றேன். நாலு மாதம் பத்து மாதமாகியிருந்தது. நான் அவரோடு நேருக்கு நேராகக் கதைத்த முதல் வார்த்தை அதுதான்.